கையால் தாங்கிப் பிடித்தது போதும்... பைசா கோபுரத்துக்கு உள்ளேயும் ஏறலாம்!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியிலோ தோல் ஷாப்பிலோ கொஞ்சம் பெரிய பொறுப்பில் இருப்பவர் வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா? பல வீடுகளில் ஹால் ஷோகேஸில் ஒரு போட்டோ இருக்கும். பச்சைப் புல்வெளி, பின்னால் வெள்ளை வெளேர் என்று சாய்ந்து நிற்கும் ஒரு கோபுரம், முன்னால் ஒரு கையை நீட்டி அதைத் தாங்கிப் பிடிப்பது போல நிற்கும் வீட்டுக்காரர். மிலான் நகரில் நடக்கும் தோல் கண்காட்சிக்கோ, மெஷின் பார்க்கவோ இத்தாலி போனவர், கிடைத்த அரை நாளில் பைசா போய்வந்ததற்கான சாட்சி அது.

எங்கள் தெருவில் அப்படி ஒரு பாய் இருக்கிறார். ஷூ கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. போன மாதம் டீ குடித்துக்கொண்டே அந்த போட்டோவைப் பார்த்தபோது சும்மாதான் கேட்டேன்.

"உள்ளே ஏறினீங்களா பாய்?"

"உள்ளேயா? அதுக்குள்ள எங்கம்மா விடுவாங்க? விழுந்துடும்னு மூடி வெச்சிருக்காங்கல்ல?"

கிச்சனிலிருந்து பாயம்மாவின் குரல் வந்தது. "அவ்ளோ தூரம் போயிட்டு வாசல்ல நின்னுட்டே வந்தீங்களா?"

பாய் சொன்னதில் பாதி உண்மை. மூடித்தான் வைத்திருந்தார்கள், ஆனால் அது பழைய கதை. 2001 டிசம்பரிலேயே திறந்துவிட்டார்கள். இந்த ஆண்டு அவருக்கு இன்னொரு இத்தாலிப் பயணம் இருக்கிறது. அதற்குப் பிறகு கம்பெனி அனுப்புமா என்று அவருக்கே தெரியாது. அவருக்காகத் தேடிப் படித்து ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்த விஷயங்கள்தான் இவை. நீங்களும் அந்தப் பக்கம் போகிறவராக இருந்தால், போட்டோவுக்குக் கையை நீட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

அது ஒரு மணிக்கூண்டு

பைசா கோபுரத்தைப் பற்றிப் பேசும் பலரும் மறந்துவிடுகிற விஷயம், அது எதற்காகக் கட்டப்பட்டது என்பது. சாய்வதற்காக யாரும் கட்டவில்லை. மணி தொங்கவிடுவதற்காகக் கட்டினார்கள். பக்கத்தில் இருக்கும் பெரிய தேவாலயத்தின் மணிக்கோபுரம் அது. இத்தாலியில் மணிக்கோபுரத்தைத் தேவாலயத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கவைக்கும் வழக்கம் பரவலாக உண்டு.

தமிழில் 'மணி' என்றால் அடிக்கிற மணியும் அதுதான், "மணி என்ன?" என்று கேட்கிற மணியும் அதுதான். அதனால்தான் கடிகாரம் வைத்த கோபுரத்தையும் மணிக்கூண்டு என்றே சொல்கிறோம். வேலூர் லாங் பஜாரில் காய்கறிப் பையோடு எத்தனையோ முறை கடந்திருப்பீர்களே, அந்த மணிக்கூண்டு 1920-களில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முடிசூட்டிக்கொண்டதன் நினைவாகக் கட்டப்பட்டது. அங்கே ஒரு கல்வெட்டும் உண்டு. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஏறிப் பார்க்கிற இடம் அல்ல அது. ஆனால் மணிக்கூண்டு என்பது வெறும் அலங்காரம் இல்லை, ஊர் தன் விஷயத்தை எழுதிவைக்கிற இடம் என்பது அங்கேயே புரிந்துவிடும்.

கைக்கடிகாரம் இல்லாத காலத்தில் ஐரோப்பிய ஊர்களுக்கு மணிதான் எல்லாம். பிரார்த்தனைக்கு ஒரு மணி, தீப்பிடித்தால் ஒரு மணி, எதிரி வந்தால் ஒரு மணி, சாவுக்கு ஒரு மணி. கம்பெனி சங்கையும் பள்ளிவாசல் பாங்கையும் கோயில் மணியையும் வைத்தே நேரம் சொல்லப் பழகிய நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சத்தம் தூரம் போக வேண்டுமென்றால் மணி உயரத்தில் இருக்க வேண்டும். மணியோ டன் கணக்கில் கனம். இவ்வளவு கனத்தை அவ்வளவு உயரத்தில் தூக்கிவைக்க ஒரு கட்டடம் வேண்டும். அந்தக் கட்டடத்தை பைசாக்காரர்கள் 1173-ல் ஆரம்பித்தார்கள்.

சிக்கலும் கூடவே ஆரம்பித்தது. அர்னோ ஆறு கொண்டுவந்து கொட்டிய களிமண்ணும் வண்டலும்தான் அந்த ஊரின் தரை. அஸ்திவாரத்தின் ஆழம் சுமார் 3 மீட்டர்தான். மேலே ஏற்றிய எடையோ மொத்தம் 14,500 டன் என்று இன்றைய கணக்கு. மூன்றாவது மாடியை எட்டியபோதே, 1178 வாக்கில், கோபுரம் சாய ஆரம்பித்துவிட்டது. அதற்குள் பக்கத்து ஊர்களோடு சண்டை வந்து, கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் வேலை அப்படியே நின்றது. அந்தச் சண்டைதான் கோபுரத்தைக் காப்பாற்றியது என்று இன்றைய பொறியாளர்கள் சொல்கிறார்கள். ஒரே மூச்சில் கட்டியிருந்தால் அப்போதே கவிழ்ந்திருக்கும். நூறு வருட இடைவெளியில் அடியிலிருந்த மண் எடை தாங்கிக் கொஞ்சம் இறுகிவிட்டது.

1272-ல் திரும்ப ஆரம்பித்தவர்கள் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். சாய்ந்த பக்கத்தில் சுவரைக் கொஞ்சம் உயரமாகவும் எதிர்ப்பக்கத்தில் குட்டையாகவும் கட்டி, மேல் மாடிகளை நிமிர்த்தப் பார்த்தார்கள். அதனால்தான் கோபுரம் நேர்க்கோடாகச் சாயாமல் வாழைப்பழம் மாதிரி லேசாக வளைந்திருக்கிறது. தூரத்திலிருந்து எடுக்கும் போட்டோவில் இதைக் கவனிப்பது கஷ்டம். உள்ளே ஏறினால் காலுக்கே தெரியும். உச்சியில் மணி மேடைக்குப் போக தெற்குப் பக்கத்தில் 6 படி, வடக்குப் பக்கத்தில் 4 படி. ஒரே தளத்துக்கு இரண்டு கணக்கு! மணி மேடை முடிந்தபோது 1370-களாகிவிட்டது. மேம்பால வேலை இழுக்கிறது என்று நாம் புலம்புவதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பாய் கேள்விப்பட்ட அந்த மூடல்

1989 மார்ச்சில் வடக்கு இத்தாலியில் பாவியா என்ற ஊரில் பழைய கோபுரம் ஒன்று திடீரென்று இடிந்து விழுந்து 4 பேர் இறந்துபோனார்கள். அது பெரிதாகச் சாயக்கூட இல்லை. இத்தாலி முழுக்க எல்லோருடைய கண்ணும் பைசா பக்கம் திரும்பியது. 1990 ஜனவரி 7 அன்று கோபுரத்தை மூடினார்கள். அப்போது சாய்வு சுமார் ஐந்தரை டிகிரி. ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டும் இருந்தது.

மீட்கப் போன நிபுணர் குழுவின் கதையை மட்டும் ஒரு சினிமாவாக எடுக்கலாம். 1993-ல் உயர்ந்து நிற்கும் வடக்குப் பக்க அடியில் ஈயக் கட்டிகளை அடுக்கினார்கள், கிட்டத்தட்ட 600 டன். அது வேலை செய்தது. ஆனால் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று வேறு வழி தேடினார்கள். நிலத்தடிக் கம்பிகளைப் பொருத்துவதற்காக 1995-ல் மண்ணைத் திரவ நைட்ரஜன் விட்டு உறையவைத்தபோது, கோபுரம் ஒரே இரவில் தப்பான பக்கம் நகர ஆரம்பித்துவிட்டது. அவசரமாக இன்னும் ஈயத்தைக் கொண்டுவந்து அடுக்கித்தான் நிறுத்தினார்கள். 'கறுப்பு செப்டம்பர்' என்று அந்தக் குழுவே அதற்குப் பேர் வைத்தது.

கடைசியில் பலித்த வழி ரொம்ப எளிமையானது. மேஜை ஆடினால் நாம் என்ன செய்வோம்? குட்டையான காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைப்போம். இவர்கள் தலைகீழாக யோசித்தார்கள். தாழ்ந்த பக்கத்தைத் தூக்க முடியாது, அப்படியானால் உயர்ந்த பக்கத்தை இறக்கலாமே? வடக்குப் பக்கத்து அடி மண்ணைச் சாய்வான குழாய்களைச் செருகி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி வெளியே எடுத்தார்கள். மண் குறைந்த இடத்தில் கோபுரம் தானாகவே வடக்கே இறங்கி உட்கார்ந்தது. உச்சி சுமார் 45 சென்டிமீட்டர் பின்னால் வந்தது. இப்போது சாய்வு கிட்டத்தட்ட 4 டிகிரி. முழுசாக நிமிர்த்துவது அவர்களின் நோக்கமே இல்லை. நிமிர்த்தினால் யார் டிக்கெட் வாங்குவார்கள்? 2001 டிசம்பர் 15 முதல் மறுபடியும் மக்கள் ஏறுகிறார்கள். இன்னும் 200 வருடமாவது தாங்கும் என்பது பொறியாளர்களின் கணிப்பு.

ஆகவே பாய், விழுந்துவிடுமோ என்ற பயத்தை வாசலிலேயே விட்டுவிடலாம்.

ஏறும்போது என்ன நடக்கும்?

படிகள் 250-க்குக் கொஞ்சம் மேலே. லிஃப்ட் கிடையாது. சோளிங்கர் பெரிய மலையில் 1,305 படி ஏறிப் பழகியவர்கள் "இவ்வளவுதானா?" என்று சிரிப்பீர்கள். எண்ணிக்கையில் ஒன்றும் இல்லைதான். ஆனால் சோளிங்கரில் படி நேராக இருக்கும், காற்று வரும், களைத்தால் ஓரமாக உட்காரலாம். இங்கே அப்படி இல்லை.

முதலில் தரைத்தளத்துக்குள் போவீர்கள். கோபுரம் உள்ளே காலியான ஒரு பெரிய குழாய். அண்ணாந்து பார்த்தால் மேலே ஒரு வட்டமாக வானம் தெரியும். அங்கே நிற்கும்போதே பலருக்குத் தலை லேசாகச் சுற்றும். தரை ஒரு பக்கம் சரிந்திருப்பதைக் கால் சொல்லும், கண்ணோ சுவரைப் பார்த்துவிட்டு எல்லாம் நேராக இருக்கிறது என்று சொல்லும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கும். இது பயம் இல்லை, உடம்பு கணக்குப் போடுவது. ஒரு நிமிடம் நின்று பழகிவிட்டால் சரியாகிவிடும்.

படிக்கட்டு அந்தக் குழாயின் சுவருக்கு உள்ளேயே சுழன்று சுழன்று போகிறது. அடியில் சுவரின் தடிமன் சுமார் இரண்டரை மீட்டர். ஒருவர் ஏற, எதிரே ஒருவர் இறங்கினால் தோளைத் திருப்பித்தான் வழிவிட வேண்டும். சுழற்சியில் பாதித் தூரம் உடம்பு ஒரு பக்கச் சுவரில் போய்ச் சாயும், மீதித் தூரம் எதிர்ச் சுவரில் சாயும். சாய்வோடு சேர்ந்து போகும் இடத்தில் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்றே சந்தேகம் வரும். எதிரே வரும் இடத்தில் அதே படி இரண்டு மடங்கு செங்குத்தாகத் தோன்றும்.

பேட்டர்ன் மாஸ்டரான பாய் இதைக் கேட்டு ரொம்ப ரசித்தார். அது என்னவென்றால், பளிங்குப் படிகளின் தேய்மானம். நூற்றாண்டுகளாகக் கால் பட்டுப் பட்டு ஒவ்வொரு படியிலும் ஒரு குழி விழுந்திருக்கிறது. ஆனால் குழி எல்லாப் படியிலும் நடுவில் இல்லை. ஒரு இடத்தில் உள்சுவர் பக்கம், சுற்றிக்கொண்டு போனால் வெளிச்சுவர் பக்கம். கோபுரம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே மனிதர்களின் பாதம் காலங்காலமாக விழுந்திருக்கிறது. "பழைய ஷூவோட சோலைப் பார்த்தா ஆளு எப்படி நடப்பான்னு சொல்லிடலாம். அது மாதிரிதான்" என்றார் பாய்.

மேலே மணிகள் மொத்தம் 7. எல்லாவற்றிலும் பெரியது 17-ம் நூற்றாண்டில் வார்த்த 'அசுன்டா', மூன்றரை டன்னுக்கு மேல் கனம். மூத்தது 'பாஸ்குவரேச்சா', 1262-ல் வார்த்தது. அதாவது அந்த மணி பிறந்தபோது இந்தக் கோபுரத்தில் மணி மேடையே கிடையாது! முதலில் அது நீதிமன்றக் கட்டடம் ஒன்றில் இருந்தது, குற்றவாளிகளுக்குத் தண்டனை நிறைவேற்றும்போது ஒலித்த மணி என்கிறார்கள். பிற்காலத்தில்தான் இங்கே வந்து சேர்ந்தது. பசு வந்து இழுத்ததாகத் திருவாரூரில் சொல்லும் ஆராய்ச்சி மணி நியாயம் கேட்பவருக்காக. இது தீர்ப்பு வாங்கியவருக்காக. மணியை வைத்து நீதியைப் பேசுவது எல்லா ஊரிலும் இருந்திருக்கிறது போல.

இப்போது இந்த மணிகளை ஆட்டி அடிப்பதில்லை. மூன்றரை டன் உலோகம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊஞ்சலாடினால், ஏற்கெனவே சாய்ந்து நிற்கும் கோபுரத்துக்கு அது நல்லதில்லை. மணி அசையாமல் தொங்கும், மின்சாரத்தால் இயங்கும் சுத்தியல் வந்து தட்டும். நீங்கள் மேலே இருக்கும்போது அடித்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். கலிலியோ இங்கிருந்துதான் குண்டுகளைப் போட்டுப் பார்த்தார் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அவர் பைசாக்காரர் என்பது உண்மை. குண்டு போட்ட கதையை வரலாற்று ஆய்வாளர்கள் பலர் நம்புவதில்லை.

டிக்கெட், பை, பிள்ளைகள்

நுழைவு நேரம் குறித்த டிக்கெட்தான். ஒரு முறைக்கு இத்தனை பேர் என்று கணக்காக விடுகிறார்கள், உள்ளே மொத்தம் அரை மணி நேரம்போல இருக்கலாம். விலை சுமார் 20 யூரோ, மாறலாம். பேர்தான் பைசா, கொடுப்பது யூரோ. கோபுரத்தை நிர்வகிக்கும் அமைப்பின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். நேரில் போனால் சீசன் நாளில் மாலை வரை காத்திருக்க வேண்டி வரலாம், திரும்பும் ரயில் போய்விடும். குறித்த நேரத்தைத் தவறவிட்டாலும் பணம் போனது போனதுதான்.

பைகளை உள்ளே விடுவதில்லை. ஹேண்ட்பேக்கும் சேர்த்துத்தான். பக்கத்தில் இலவச லாக்கர் இருக்கிறது. மொபைலும் கேமராவும் கொண்டுபோகலாம். கண்காட்சியில் வாங்கிய சாம்பிள் தோல், கேட்லாக் எல்லாம் தூக்கிக்கொண்டு நேராக வருகிறவர்கள் லாக்கருக்கென்று கால் மணி நேரம் ஒதுக்கிவையுங்கள்.

எட்டு வயது நிறையாத பிள்ளைகளுக்கு அனுமதி கிடையாது. தூக்கிக்கொண்டு ஏறுகிறேன் என்றாலும் விடமாட்டார்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர்களோடுதான் ஏற முடியும். குடும்பத்தோடு போகிறவர்கள் டிக்கெட் போடும்போதே யார் கீழே பிள்ளையோடு நிற்பது என்று பேசி முடித்துவிடுங்கள். கியூவில் நின்றுகொண்டு பேசினால் அது அம்மாவாகத்தான் முடிகிறது. இரண்டு வெவ்வேறு நேரத்துக்கு டிக்கெட் எடுத்து மாறி மாறி ஏறினால் இரண்டு பேருக்கும் கிடைக்கும்.

இதய நோய், கடுமையான மூச்சுப் பிரச்னை, தலைசுற்றல் இருப்பவர்கள் ஏற வேண்டாம். நடுவில் மனசு மாறினால் சட்டென்று வெளியேற வேறு வழி கிடையாது. மாமியாரையும் அழைத்துப் போகிறீர்கள், முழங்கால் ஒத்துழைக்காது, ஆனால் ஒரு மணிக்கோபுரத்தின் உச்சியையாவது காட்ட வேண்டும் என்றால் வெனிஸ் போங்கள். அங்கே புனித மாற்கு சதுக்கத்தின் கோபுரத்தில் லிஃப்ட் இருக்கிறது. பழைய கோபுரம் 1902-ல் தரைமட்டமாகி, 1912-ல் திரும்பக் கட்டியது அது. படி ஏறப் பிடிக்கும் என்பவர்களுக்கு ஃபுளோரன்ஸில் ஜியாட்டோ கோபுரம் 414 படிகளோடு காத்திருக்கிறது. அது நேராக நிற்கிறது, அது ஒன்றுதான் குறை.

இவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குத் தஞ்சாவூர் அரண்மனையிலேயே ஒரு மணிக்கோபுரம் உண்டு. படிக்கட்டு இருட்டாகவும் குறுகலாகவும் இருக்கும். ஏற விடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

தோல்காரர்களுக்கு மட்டும் ஒரு ரகசியம்

ஃபுளோரன்ஸிலிருந்து பைசாவுக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். மத்திய ரயில் நிலையத்தில் இறங்கினால் கோபுரத்துக்கு 25 நிமிட நடை. பைசா சான் ரொசோரே என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கினால் பத்து நிமிடம் போதும். இந்த ரயில் பாதையின் நடுவில்தான் சாண்டா குரோச்சே என்ற ஊர் வருகிறது, அதே அர்னோ ஆற்றங்கரையில். இத்தாலியின் ஆம்பூர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊரெல்லாம் டேனரி. மரப்பட்டைச் சாறில் ஊறவைத்துப் பதனிடும் தோலுக்குப் பேர் போன பகுதி. நம்மூரில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட ஈ.ஐ. தோலுக்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோமே, அதற்குத் தூரத்துச் சொந்தம். வேலையாக சாண்டா குரோச்சே வரை போகிறவர்கள் நிறைய பேர். அங்கிருந்து கோபுரம் சுமார் 40 கிலோமீட்டர்தான் என்று தெரிந்து போகிறவர்கள் கொஞ்சம் பேர்.

நோட்டை வாங்கிய நாளிலிருந்து பாய் கம்பெனியில் லிஃப்டை விட்டுவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் மூன்று மாடியையும் இரண்டு தடவை ஏறி இறங்குகிறாராம். முழங்கால் என்ன சொல்கிறது என்று நேற்று கேட்டேன்.

"ஏறும்போது ஒண்ணும் தெரியலம்மா. இறங்கும்போதுதான் பிடிக்குது."

அங்கேயும் இறங்குவதுதான் கஷ்டம் பாய், தேய்ந்த பளிங்கு, மழை பெய்தால் வழுக்கும், சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், தான் வெட்டிய பேட்டர்னில் செய்த புது ஷூவை ஷோகேஸுக்குக் கீழிருந்து எடுத்தார். திருப்பிப் பார்த்தார். பளபளவென்று லெதர் சோல். திரும்ப டப்பாவில் வைத்து மூடிவிட்டார்.

"இது கண்காட்சிக்கு மட்டும். கோபுரத்துக்கு என் பையனோட ரப்பர் சோல் ஷூ போட்டுக்கறேன்."